தேரியில் ஒரு மடக்கு

2068ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் தேதி, திருச்செந்தூருக்கு மேற்கே குதிரைமொழித் தேரி என்கிற செம்மணல் காட்டுக்குள், எந்த மின்கம்பியும் எட்டாத ஒரு மேட்டில் கேரவன் வண்டி ஒன்று நிறுத்தப்பட்டது. வண்டிக்கு மின் இணைப்போ தண்ணீர் இணைப்போ கிடையாது. உள்ளே மூன்று பேர் இருந்தார்கள். வடிவு காபி போடுகிறவள். ரெமிஜியுஸ் அதைக் குடிக்கிறவர். கௌசிகன் அவர் குடிப்பதைப் பதிவு செய்கிறவன்.

"ஏன் தம்பி, உலகத்துல வேற இடமே கெடைக்கலியா?" என்று இறங்கியதும் கேட்டார் ரெமிஜியுஸ். அவர் கால் கணுக்கால்வரை செம்மணலில் புதைந்திருந்தது. "ஒரு தம்ளர் காப்பி குடிக்க இம்புட்டு தூரமா? எங்க புன்னக்காயல்ல மனுசன் பாயில படுத்துக்கிட்டே குடிச்சிருக்கான்."

"வீட்டுச் செவுத்துக்குள்ள கம்பி ஓடுதுங்களே அண்ணா. அதுல கரண்டு போறப்ப ஒரு முனகல் இருக்குது. நம்ம காதுக்குக் கேக்காது, இந்த வலைக்குக் கேக்கும்." கௌசிகன் கையிலிருந்த, தலையில் மாட்டுகிற மெல்லிய வலையைத் தூக்கிக் காட்டினான். கோயம்புத்தூர்க்காரன். யாரிடமும் குரலை உயர்த்தி அவன் பேசியதை வடிவு பார்த்ததில்லை. "நீங்க ஒரு மடக்கு குடிச்சதும் நாக்குலருந்து மண்டைக்கு ஒரு சேதி போகுதுங்க. அது அந்த முனகலை விடச் சின்னது. சந்தைக்குள்ள நின்னுக்கிட்டு ரகசியம் பேசற மாதிரி. அதனாலதான் சந்தையே இல்லாத எடத்துக்கு வந்திருக்கோம்."

"அப்ப வண்டியில கரண்டு?"

"கூரையில சோலார் இருக்குது, அடியில பேட்டரி இருக்குது. பதியறப்ப எல்லாத்தையும் அணைச்சுப்போடுவனுங்க. மின் அடுப்பு, ஃபிரிட்ஜு, தண்ணி மோட்டார், ஒண்ணும் ஓடாது."

"கேட்டியா தங்கச்சி?" ரெமிஜியுஸ் வடிவு பக்கம் திரும்பினார். "அடுப்பே இல்லாம காப்பி போடணுமாம். ஆண்டவர் தண்ணியத் திராட்சரசமாக்குன மாதிரி நீ மண்ணைக் காப்பியாக்கு."

"நீங்க பேசாம இருந்தியன்னா அதையும் ஆக்கிருவேன்" என்றாள் வடிவு.

இலைத் துருநோய் மலைமேலும் பரவி, காபிச் செடிகள் தோட்டம் தோட்டமாகப் பட்டுப்போய் ஒரு தலைமுறை ஆகியிருந்தது. கண்ணாடிக் கூடாரங்களுக்குள் வளர்ந்த மிச்சசொச்சச் செடிகளின் கொட்டை கைப்பிடி கைப்பிடியாகப் பங்கிடப்பட்டது. மற்ற எல்லோரும் காதுக்குப் பின்னால் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு வெந்நீர் குடித்தார்கள். யாரோ ஒருவர் எப்போதோ குடித்த ஒரு மடக்கு, பட்டை வழியாக அவர்கள் நாக்கில் ஓடும். குடித்தவருடைய சுவை மட்டும் இல்லை. குடித்த அந்த நொடியில் அவருக்கு இருந்த மனமும் சேர்ந்தே வரும். பிரித்தெடுக்க முடியவில்லை. பிரித்தெடுக்க வேண்டாம் என்று பட்டை விற்கிற கம்பெனி சீக்கிரமே முடிவு செய்துவிட்டது.

இதற்கு எல்லா நாக்கும் உதவாது. லட்சத்தில் ஒருவருக்குத்தான் நரம்பு அவ்வளவு தெளிவாகப் பேசும். ரெமிஜியுஸின் நாக்கு பேசியது. பதிவுக்கு முன்னால் ஒரு மாதம் அவரைப் பாளையங்கோட்டையில் கம்பெனி விடுதியில் வைத்து உப்பில்லாத கஞ்சியும் பச்சைத் தண்ணீரும் கொடுத்தார்கள். ஏங்கிய நாக்குதான் நன்றாகப் பதியும். போனும் கிடையாது.

அந்த மாதத்தில்தான் புயல் வந்தது. புன்னைக்காயலிலிருந்து போயிருந்த படகுகளில் ஒன்று திரும்பவில்லை. அதில் அவருடைய ஒரே மகன் டிக்ஸன் இருந்தான்.

சேதியைச் சொன்னபோதே கௌசிகன் இன்னொன்றையும் சொல்லியிருந்தான். "கம்பெனி தன் செலவுல தேட ஏற்பாடு பண்ணியிருக்குதுங்க அண்ணா. ஆளில்லா விமானம் மூணு பறக்குது. பதிவு முடியற வரைக்கும் தேடுவாங்க." இடையில் எழுந்து போனால் என்ன ஆகும் என்று ரெமிஜியுஸ் கேட்கவில்லை. கௌசிகனும் சொல்லவில்லை. கேட்கவும் சொல்லவும் தேவைப்படவில்லை.

வடிவுக்கு இந்த வேலையில் ஒரே ஒரு ஆசை. திருநெல்வேலி ஜங்ஷனில் அவள் காபிக்கடை வைத்திருந்தவள். கடைசி மூட்டை தீர்ந்த அன்றைக்குக் கடையைப் பூட்டினாள். இப்போது நாட்டில் உண்மையான கொட்டையைக் கையால் தொடுகிறவர்கள் ஒரு பேருந்துக்குள் அடங்குவார்கள். அவர்களில் அவள் ஒருத்தி. முதல் டிகாக்ஷன் குடிக்கிறவருக்கு. ஃபில்டரில் மிஞ்சிய தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்கும் இரண்டாவது டிகாக்ஷன் காபி போட்டவளுக்கு. ஒப்பந்தத்திலேயே அப்படித்தான் இருந்தது. ஒவ்வொரு பதிவுக்குப் பிறகும் அவள் வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து, யாரும் பேச்சுக்கொடுக்காதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டு, அதைக் குடிப்பாள்.

முதல் நாள் வண்டித் தொட்டியின் தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பினாள்.

"பிளாஸ்டிக் நாத்தம். இதுல காப்பி போட்டா குழாயைச் சப்புன மாதிரி இருக்கும்."

கௌசிகன் பைக்கில் போய் அய்யனார் கோயில் சுனையிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தான். தேரி மணலில் வடிந்த தண்ணீர். அதற்கு ருசியே இல்லை. காபிக்கு அதுதான் வேண்டும் என்றாள். பால் உடன்குடியில் ஒரு வீட்டில் சொல்லிவைத்தது. அதற்கும் தினம் காலையில் கௌசிகன் போய்வர வேண்டும். உடன்குடியில்தான் போன் பேசும். ஆக, பாலும் சேதியும் ஒரே பைக்கில் வந்தன.

அடுத்தது அடுப்பு. கம்பெனி கொடுத்த ஸ்பிரிட் அடுப்பின் சுடர் தேரிக்காற்றில் படுத்துப் படுத்து எழுந்தது. வண்டியின் படிக்கட்டுக்கு அடியில் மணலைத் தோண்டி, பள்ளத்துக்குள் அடுப்பை இறக்கினாள். சுடர் நின்றது. வண்டியை மேற்காலே முகம் திருப்பி நிறுத்தச் சொன்னாள், மணல் பறந்து பாலில் விழாமல் இருக்க. ஒத்திகைக்குக் கொஞ்சம் கொட்டையைக் கை மில்லில் அரைத்தாள். தூளை ஃபில்டரில் அமுக்கவில்லை, தட்டிச் சமப்படுத்தியதோடு சரி. தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் இறக்கி, கொதி அடங்கும்வரை பொறுத்திருந்து ஊற்றினாள்.

டிகாக்ஷன் இறங்க நேரம் ஆகும். அதற்குள் ஆறிவிடும். ஆறியதை மறுபடி சூடாக்கினால் கசந்துபோகும். வீட்டில் என்றால் வெந்நீர்ப் பாத்திரத்தில் உட்கார வைக்கலாம். இங்கே அதற்கு மிச்சத் தண்ணீரும் இல்லை, மிச்ச ஸ்பிரிட்டும் இல்லை. நடுப்பகல் வெயிலில் தேரி மணல் கால்வைக்க முடியாமல் காய்ந்தது. வடிவு பித்தளை ஃபில்டரைத் துணியில் சுற்றி, கழுத்துவரை அந்த மணலில் புதைத்தாள்.

ரெமிஜியுஸ் குனிந்து பார்த்தார். "ஏட்டி, காப்பியையா அடக்கம் பண்ணுத?"

"சூடு போகாது. பாருங்க."

"எல்லாஞ் செய்யுத. ஒண்ணு மட்டும் செய்ய மாட்டேங்க. உடன்குடிக்குப் பக்கத்துலயே உக்காந்துகிட்டு கருப்பட்டி போடாத காப்பி என்ன காப்பி?"

"சீனிதான் போடணும்னு கம்பெனி எழுதிக்கொடுத்திருக்கு."

"கம்பெனிக்கு நாக்கு எங்க இருக்கு? அதான் என் நாக்கைப் பிடிச்சி வச்சிருக்கான்." சிரித்தார். பிறகு கடல் இருக்கும் திசையைப் பார்த்தார். தேரியிலிருந்து கடல் தெரியாது. "தம்பி பால் வாங்கப் போயி நேரமாச்சில்லா?"

"வந்துருவார்."

"ம். வரட்டும்."

முதல் இரண்டு நாளும் தெற்கே மின்னல் வெட்டிக்கொண்டிருந்ததால் பதிவு நடக்கவில்லை. மின்னலும் வலைக்குக் கேட்கும். ஒவ்வொரு காலையும் கௌசிகன் திரும்பி வந்ததும் ரெமிஜியுஸ் எழுந்து நிற்பார். கௌசிகன் தலையை ஆட்டுவான். அவர் உட்கார்ந்துகொள்வார். மகனைப் பற்றி வடிவிடம் அவர் அதிகம் பேசவில்லை. "பய நல்லா நீச்சடிப்பான்" என்று ஒருமுறை சொன்னார். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. அன்றைக்குக் கௌசிகன் பைக்கை வண்டிவரை கொண்டுவரவில்லை. உடைமுள் மரக் கூட்டத்துக்குப் பின்னாலேயே நிறுத்தி, பால் வாங்கிக்கொள்ள வருமாறு வடிவைக் கைகாட்டி அழைத்தான்.

"அக்கா, பையன் கெடைச்சிட்டான். பெரியதாழை பக்கம் கரை ஒதுங்கியிருக்குது. அவங்கம்மா பாத்து அடையாளம் சொல்லிட்டாங்க."

வடிவு தூக்குச்சட்டியைக் கீழே வைத்தாள். "ஐயோ. வாங்க, சொல்லுவோம்."

"சொல்லத்தானுங்க வேணும். சாயங்காலம் நானே ஊருக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். அடக்கம் நாளைக்குத்தான். ஒரு மணி நேரம் முன்னப் பின்ன ஆனா அந்தப் பையனுக்கு ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க."

"அதுக்கு?"

"இப்பச் சொன்னா அவரு குடிக்க மாட்டாரு. இன்னிக்கு விட்டா மறுபடி மழைன்னு சொல்றாங்க. அந்தக் கொட்டை அந்தத் தோட்டத்தோட கடைசி விளைச்சலுங்க்கா, கூடாரத்தையே பிரிச்சாச்சு. இனி அது எங்கயும் வராது."

வடிவு தூக்குச்சட்டியை மறுபடி கையில் எடுத்தாள்.

"சொல்லாம இருந்தாலும் பத்தாது. மூணு நாளா பாக்கறீங்கல்ல, மனசு பூரா கடல்லயே இருக்குது. அப்படியே பதிஞ்சா பட்டை வாங்கறவங்களுக்குக் கவலைதான் வரும், காபி வராது." கௌசிகன் தரையைப் பார்த்துக்கொண்டு, வெட்கப்படுகிறவனைப் போலச் சொன்னான். "பையன் உசுரோட கெடைச்சிட்டான்னு நீங்க சொல்லணும்க்கா. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நான் கம்பெனி. நீங்க சொன்னா நம்புவாரு."

"தெரிஞ்சா என்னை என்ன நெனைப்பார்?"

"ஒரு தம்ளர் காபி நிம்மதியாக் குடிச்சாருன்னு நெனைச்சுக்கலாங்க. அதுக்கப்புறம் அவருக்கு எப்பங்க நிம்மதி?"

பிற்பாடு வடிவு தனக்குத்தானே இதைப் பலவிதமாகச் சொல்லிக்கொண்டாள். அவருக்கு நல்லது நினைத்துத்தான் செய்தேன் என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஆனால் அந்த நேரத்தில் அவள் நினைத்தது பாலைத்தான். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் பால் திரிந்துவிடும்.

கௌசிகன் வண்டியின் மின்சாரத்தை எல்லாம் அணைத்தான். ஃபிரிட்ஜின் உறுமல் நின்றதும் தேரியில் காற்று மட்டும் கேட்டது. ரெமிஜியுஸ் நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் வலை, தாடைக்கு அடியில் ஒட்டிய சின்னத் தகடு. "முள்கிரீடம் வச்சாச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அன்றைக்குப் புதிதாக ஊற்றிப் புதைத்த ஃபில்டரை வடிவு மணலிலிருந்து தோண்டி எடுத்தாள். வெந்நீரளவு சூடு அப்படியே இருந்தது. மூடியைத் திறந்ததும் மணம் எழுந்து வந்தது. முதல் பொங்கலில் பாலை இறக்கினாள். சீனி. டிகாக்ஷன். பால். இரண்டே ஆற்று. நுரை தம்ளர் விளிம்பைத் தொட்டு நின்றது. வாழ்க்கையில் இவ்வளவு சரியாக ஒரு காபியை அவள் போட்டதில்லை. அது அவளுக்கே தெரிந்தது.

தம்ளரை நீட்டும்போது சொன்னாள். "அண்ணாச்சி, டிக்ஸன் கெடைச்சிட்டானாம். கன்னியாகுமரியில கரை சேந்திருக்கான்."

ரெமிஜியுஸ் தம்ளரை வாங்கவில்லை. அவளையே பார்த்தார். "யார் சொன்னா?"

"உடன்குடியில. பால்காரர் வீட்டுப் போன்ல."

"பேசுனானாமா?"

இதைக் கௌசிகன் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. ஒரு தகப்பனுக்கு எதைக் கேட்டால் வயிறு குளிருமோ அதைச் சொன்னாள்.

"பேசுனானாம். 'அப்பா எங்க, அப்பா சாப்பிட்டாரா'ன்னுதான் மொதல்ல கேட்டானாம்."

அவர் முகம் உடைந்தது. அதற்கு வேறு சொல் இல்லை. அறுபது வயது முகம் ஆறு வயதுப் பிள்ளையின் முகம்போல உதடு கோணி, கண் நிறைந்து, சிரித்தது. கௌசிகன் பதிவுப் பெட்டியின் பொத்தானை அழுத்தினான். ரெமிஜியுஸ் தம்ளரை இரண்டு கையாலும் வாங்கி ஒரு பெரிய மடக்கு குடித்தார். கண்ணை மூடினார். தொண்டை ஏறி இறங்கியது. மூடிய கண்ணோடு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

கண்ணைத் திறந்தபோது அவர் யாரையும் பார்க்கவில்லை. தம்ளரில் மிச்சமிருந்ததைப் பார்த்தார்.

"நல்ல காப்பி, தங்கச்சி" என்றார். தம்ளரைக் கீழே வைத்தார். வலையைத் தானே கழற்றினார். "போலாமா தம்பி?"

கன்னியாகுமரிக்கா, ஊருக்கா என்று அவர் கேட்கவில்லை. அவர் கேட்கவில்லை என்பது அப்போது வடிவுக்கு உறைக்கவில்லை. பைக் உடைமரங்களுக்கு அப்பால் மறைந்ததும் ஃபில்டரில் மறுபடி வெந்நீர் ஊற்றினாள். இரண்டாவது டிகாக்ஷன் இறங்கியது. தம்ளரை வாய்வரை கொண்டுபோனாள். பிறகு மணலில் கொட்டினாள். தேரி அதை உடனே குடித்துவிட்டது.

அந்தப் பதிவு 'தேரி' என்ற பெயரில் பொங்கலுக்கு வெளியானது. மாசி மாதத்துக்குள் அதைக் குடிக்காத ஊர் இல்லை. திருநெல்வேலி ஜங்ஷனில் வடிவின் பழைய கடை இருந்த இடத்தில் இப்போது வெந்நீர்க்கடை. ஆட்கள் வரிசையாக நின்று, கண்ணை மூடி வெந்நீர் குடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு வேலைக்குப் போனார்கள்.

"குடிச்சிப் பாருங்கம்மா" என்று பக்கத்தில் நின்ற ரயில்வே ஊழியர் ஒருவர் அவளிடம் சொன்னார். "மொதல்ல அப்படி ஒரு சந்தோசம் வரும் பாத்துக்கிடுங்க. காணாமப் போனது திரும்பக் கெடைச்ச மாதிரி. ஆனா அது இல்ல விசயம். கடைசில ஒரு கசப்பு வருது பாருங்க, தொண்டைக்குக் கீழ. அதான் காப்பி. பழைய ஆட்களுக்குத்தான் அந்தப் பக்குவம் தெரியும்."

"கசப்பா?" என்றாள் வடிவு.

பட்டையை வாங்கிக் காதுக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டாள். வெந்நீரை வாயில் வைத்தாள். அவளுடைய காபி. அந்தச் சூடு, அந்த நுரை, சுனைத்தண்ணீர் விட்ட வெறுமையில் கொட்டையின் மணம் மட்டும் எழுந்து நின்றது. அதன்மேல் ஒரு மகிழ்ச்சி நெஞ்சை முட்டிக்கொண்டு வந்தது. அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆனாலும் பிள்ளை கிடைத்துவிட்டது. பிறகு, விழுங்குகிற நேரத்தில், நாக்கின் அடியில் அது வந்தது. மெல்ல, கறுப்பாக, போகாமல்.

கடை வாசலில் நின்றபடி அவள் ஒவ்வொன்றாக யோசித்துப் பார்த்தாள். சிக்கரி போடவில்லை. வறுத்த பதம் கூடவில்லை. கொதிக்கிற தண்ணீரை ஊற்றவில்லை. டிகாக்ஷனை மறுபடி சூடாக்கவில்லை. அந்தக் காபியில் கசப்பு வர வழியே இல்லை.

மறுநாள் புன்னைக்காயலுக்குப் பஸ் ஏறினாள்.

ரெமிஜியுஸின் மனைவி ஜெனோவா கதவைத் திறந்தாள். யார் என்று சொன்னதும் உள்ளே வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கதவைப் பிடித்தபடியே பேசினாள்.

"நீதான் அந்தப் பொம்பளையா? என் மவன் அப்பாவக் கேட்டான்னு சொன்னது நீதானா?"

"ஆமாக்கா. மன்னிச்சிருங்க. நான் வந்து..."

"அவன் அவர்கிட்டப் பேசி ரெண்டு வருசமாச்சிடி. படகை வித்துட்டு இந்த நாக்கு வேலைக்குப் போனார்லா, அன்னைக்கோட பேச்சு நின்னுது. சொந்தப் படகு இல்லாம அடுத்தவன் படகுக்குக் கூலிக்குப் போனான் என் பிள்ளை. வீட்டுல 'அந்தாளு'ம்பான். அப்பான்னு அவன் வாயிலருந்து வந்ததே கெடையாது." சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வேற என்ன பொய் வேணும்னாலும் சொல்லியிருக்கலாமில்லா நீ?"

பின்புற முற்றத்தில் ரெமிஜியுஸ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை.

"பாதி மடக்கு வரைக்கும் நம்புனேன் தங்கச்சி" என்றார். "பய கேட்டான்னதும் நம்பிட்டேன். உயிரோட இருக்கான்ங்கிறதை விட, என்னைக் கேட்டான்ங்கிறது பெருசா இருந்துச்சி. பொறவுதான் யோசிச்சேன். அவன் கேக்க மாட்டான். உசுரோட இருந்தா கேக்க மாட்டான்."

"அப்புறம் ஏன் அண்ணாச்சி முழுங்குனிய?"

"வாயில இருந்துச்சில்லா. என்ன செய்ய?"

அவள் அழுதாள். அவர் அவளைத் தேற்றவும் இல்லை, திட்டவும் இல்லை.

"உன் முகம் அப்படிட்டி. பொய் அதுல நிக்காது" என்றார். "போயிட்டு வா. பஸ் போயிரும்."

பங்குனி முதல் வாரம் கௌசிகன் வடிவின் வீட்டுக்கு வந்தான். கோயம்புத்தூரிலிருந்து ஒரு டப்பா மைசூர்பாகு. காலைத் தொட்டுக் கும்பிட்டான்.

"மேல எல்லாரும் உங்களப் பத்தித்தான் பேசறாங்க அக்கா. அந்தக் கடைசிக் கசப்பு. வேற எந்தப் பதிவுலயும் அப்படி வந்ததில்ல. அடுத்ததுலயும் அது வேணுமாம். தண்ணி எந்தச் சூட்டுல ஊத்துனீங்க, மணல்ல புதைச்சதுல வந்ததா, சொல்லிக்குடுத்தீங்கன்னா..."

வடிவுக்குச் சுருக்கென்றது. பொய் சொன்னவள் என்று ஊரே திட்டியிருந்தாலும் கேட்டுக்கொண்டிருப்பாள். காபியைக் கசக்க விட்டவள் என்பதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை.

"என் டிகாக்ஷன்ல கசப்பா? யார்கிட்ட வந்து பேசுதிய? முப்பது வருசம் கடை வச்சவ நான். அந்தத் தம்ளர்ல ஒரு பொட்டுக் கசப்பு கெடையாது."

"பதிவுல இருக்குதுங்களே."

"அது காப்பிக் கசப்பு இல்ல. அது அவரோடது. பாதி மடக்குல அவருக்குத் தெரிஞ்சிபோச்சி. என் முகத்தைப் பாத்தாரு, நான் சொன்னதை யோசிச்சாரு, தெரிஞ்சிபோச்சி. சந்தோசம் நாக்குல இருக்கும்போதே அடியில அது வந்துட்டு. அதைத்தான் நீங்க ஊருக்கெல்லாம் விக்கிய."

சொல்லி முடித்து மூச்சு வாங்கினாள். கௌசிகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டான்.

"அப்படீங்களா" என்றான் மெதுவாக. "நாங்க மூணு மாசமா தண்ணியச் சோதிச்சுக்கிட்டிருந்தோம்."

கசப்புக்கான வழியைக் கம்பெனிக்குத் தானே காட்டிக்கொடுத்துவிட்டாள் என்பது அப்போதுதான் வடிவுக்குப் புரிந்தது.

"நான் இனி வரல. இன்னொரு ஆள்கிட்டப் பொய் சொல்ல என்னால ஆகாது."

"பொய் சொல்லவே வேண்டாங்க்கா" என்றான் கௌசிகன். "அதெல்லாம் தப்பு. எனக்கும் மனசு கேக்கல. இனிமே உண்மையான நல்ல சேதி மட்டுந்தான். எழுதியே தர்றோம்." பிறகு, போகிற போக்கில் சொல்வதுபோலச் சொன்னான். "ஏலகிரியில ஒரு கூடாரத்துல புதுசாக் காய்ச்சிருக்குதுங்க. நூறு வருசத்துக்கு முந்தின ரகம். வறுக்கறப்பவே வாசனை மலைக்கு அடியில அடிக்குதாம். போடறதுக்கு ஆளைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க."

அவள் மைசூர்பாகு டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2069ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் தேதி, திருப்பத்தூருக்கு வடக்கே ஒரு வறண்ட ஏரியில் கேரவன் நிறுத்தப்பட்டது. குடிக்க வந்தவர் பெயர் அலமேலு மங்கை, பள்ளி ஆசிரியை. அவருடைய மகளுக்கு அன்று காலை சென்னையில் இதய அறுவை நடந்தது. அறுவை நன்றாக முடிந்தது, மகள் கண் விழித்தாள். இந்தச் செய்தியைக் கௌசிகன் ஜோலார்பேட்டைக்குப் போய்ப் போனில் கேட்டு வந்து வடிவிடம் சொன்னான். மருத்துவமனையின் பெயரையும் மருத்துவரின் பெயரையும் சொன்னான். உண்மைதானா என்று அவள் மூன்று முறை கேட்டாள். மூன்று முறையும் ஆமாங்க்கா என்றான்.

தம்ளரை நீட்டி வடிவு செய்தியைச் சொன்னாள். தேரியில் சொன்னதும் இதே போன்ற சேதிதான் என்ற நினைப்பில், ஆசிரியையின் கண்ணைப் பார்க்காமல் தம்ளரையே பார்த்துச் சொன்னாள். ஆசிரியை அவள் முகத்தைப் பார்த்தார், ஒரு நொடி தயங்கினார், பிறகு குடித்தார்.

செய்தி உண்மையானது. மகள் அடுத்த வாரம் வீடு திரும்பினாள். பதிவில் கசப்பு வந்திருந்தது. 'தேரி'யை விடக் கொஞ்சம் அதிகம்.

இரண்டாவது டிகாக்ஷன் வடிவுக்குக் கொடுக்கப்பட்டது. வண்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அதைக் குடித்தாள்.